இலங்கையில மந்திரி கதிரை பத்தி நீங்க கேட்டதுகள்

ஹட்டன்ல இருந்து ஒரு தங்கச்சி: கேம்பஸ்ல படிப்பிக்கிற கெட்டிக்கார ஆள ஜனாதிபதி நேரா மினிஸ்டர் ஆக்க ஏலாதா சேர்?

நேரா ஏலாதும்மா, எம்.பியா இருந்தாத்தான் மினிஸ்டர். ஆனா பின்கதவு ஒண்டு இருக்கு. பார்லிமென்ட்ல 225 பேர்ல 196 பேர் மாவட்டத்துல ஜெயிச்சு வாறவங்க, மிச்சம் 29 தேசியப் பட்டியல், அதாவது கட்சி எடுத்த வோட்டுக்கு ஏத்த மாதிரி கட்சியே போடுற ஆக்கள். 1994ல லக்ஷ்மன் கதிர்காமர் வெளிநாட்டு மந்திரி ஆனது அந்த வழியிலதான். 2021 ஜூலையில பசில் ராஜபக்ஷவுக்காக ஒரு தேசியப் பட்டியல் எம்.பி விலக, அவர் அந்த இடத்துல உள்ள வந்து நிதி மந்திரியாவும் சத்தியம் பண்ணிட்டாரு. எனக்கு அது பிடிக்கல, ஆனா சட்டப்படி சரிதான்.

அப்ப அமெரிக்கா மாதிரி இல்லையா நாங்க?

அரவாசி மட்டும். அங்க எம்.பியா இருந்துகிட்டு மினிஸ்டரா இருக்கவே கூடாது, ஹிலாரி கிளின்டன் 2009ல செனட்ட விட்டுட்டுத்தான் போனாங்க, அதோட செனட் வோட் போட்டு ஓகே சொல்லணும், 1989ல பாதுகாப்பு மினிஸ்டரா போடப் பாத்த ஜோன் டவர 47க்கு 53னு திருப்பி அனுப்பிட்டாங்க. இங்க அப்பிடி விசாரிப்பு எதுவும் இல்ல, பிரதமர் ஆலோசன சொல்ல ஜனாதிபதி நியமிப்பாரு, அவ்வளவுதான். ஆனா பார்லிமென்ட்ல பட்ஜெட் தோத்தாலோ நம்பிக்கையில்லாப் பிரேரணை பாஸானாலோ கேபினட் (அமைச்சரவை) கலைஞ்சிரும், ஜனாதிபதி மட்டும் அப்பிடியே இருப்பாரு. பிரிட்டன், இந்தியாவுல அப்பிடித் தோத்தா, ஆட்சி நடத்துற பிரதமரோட கதையும் சேர்த்து முடியும்.

எத்தன பேர போடலாம்?

கேபினட்டுக்கு 30, மத்த மினிஸ்டர், பிரதி மினிஸ்டர் எல்லாம் சேத்து 40. கட்சிகள் சேர்ந்து தேசிய அரசாங்கம் அமைச்சா மட்டும் கூட்டலாம். கம்மிக்கு கணக்கு இல்ல போல, 2024 செப்டம்பர்ல மூணே பேரோட ஓட்டினாங்களே!

பண்டாரவளை அண்ணன் ஒருத்தர்: நம்ம ஆளு மினிஸ்டர் ஆனா லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கூர வருமா?

பேரப் பாக்காதீங்க அண்ண, கெசட்ட, அதாவது அரசாங்க வர்த்தமானியப் பாருங்க. எந்த அமைச்சுக்கு எந்த திணைக்களம், எந்த சபைனு வர்த்தமானியிலதான் வரும், அதுல இல்லாத வேலைய மினிஸ்டர் நினைச்சாலும் செய்ய ஏலாது, நாங்க பாட்டுக்கு மால போட்டு பட்டாசு கொளுத்திட்டு பிறகு ஏசுறோம். 1978ல மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் ஐயா கேபினட்டுக்கு போனப்ப கெடச்சது கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி, தோட்டத்துறை இல்ல. 2023ல ஜீவன் தொண்டமானுக்கு நீர் வழங்கலோட தோட்ட உட்கட்டமைப்பும் சேர்ந்து வந்துச்சு, அதால லயம் பத்தி அவர்ட்ட நேரா கேக்க முடிஞ்சது.

மாகாண மந்திரி?

முதலமைச்சரோட சேர்த்து 5 பேர்தான். ஆனா மத்திய மாகாண சபை 2018லயே காலம் முடிஞ்சு போச்சு, ஆளுநர்தான் பாத்துக்கிறாரு, அந்தக் கதிரைக்கு ஆசப்படுறவங்கள கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க.