மூன்று பேர் சேர்ந்து கேம் ஸ்டுடியோ நடத்த முடியுமா? டீம் செர்ரி என்ன செய்தது?

பீளமேட்டில் மூன்று நண்பர்கள் வேலையை விட்டுவிட்டு கேம் செய்யலாமா, 'ஹாலோ நைட்' கேமைச் செய்த சிறு ஸ்டுடியோவான டீம் செர்ரி எப்படிச் சமாளித்தது என்று கேட்டிருக்கீங்க.

முடியுங்க. ஆனால் அவர்கள் போன வரிசையைக் கவனியுங்க. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆரி கிப்சனும் வில்லியம் பெல்லனும் முதலில் செய்தது, 2013-இல் லூடம் டேர் என்ற, சில நாளில் கேம் செய்யும் இணையப் போட்டிக்காக முடித்த 'ஹங்ரி நைட்'. அதில் வந்த பூச்சி வீரன்தான் 'ஹாலோ நைட்' நாயகன் ஆனான். அவனை உற்றுப் பாருங்க: வெள்ளை முகம், இரண்டு கொம்பு, கருங்குழிக் கண்கள், ஓர் அங்கி. வாய் கிடையாது. ஒவ்வொரு பிரேமையும் கையால் வரையும்போது இந்த எளிமை எத்தனை நாளை மிச்சம் பிடிக்கும்!

2014 கடைசியில், மக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 'ஹாலோ நைட்'டுக்காக 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார்கள்; 57,000-க்கு மேல் சேர்ந்தது. 2017 பிப்ரவரி 24-இல் வெளியீடு.

அடுத்தது 'சில்க்சாங்'. 'ஹாலோ நைட்'டில் வரும் ஹார்னெட் என்ற பாத்திரத்துக்கான கூடுதல் பகுதியாகத் தொடங்கி, தனி கேமாகவே பெருத்தது. 2019-இல் அறிவித்து 2025 செப்டம்பர் 4-இல்தான் வந்தது. பாவு ஓட்டிய பிறகு சேலையின் அகலத்தை மாற்றுகிற வேலை இது. முதல் கேமின் விற்பனை அவர்களைத் தாங்கியது. உங்களுக்கு அந்தத் தாங்கல் இன்னும் இல்லை.

கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து திட்டம் போட முடியாது. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம். கட்டிய பின் வெளியிட 30 நாள் காத்திருக்கணும். 'விரைவில்' பக்கம் குறைந்தது 2 வாரம் தெரியணும். விற்பனையில் 30% ஸ்டீமுக்கு. தீபாவளிக்கு வெளியிட நினைத்தால் ஆவணியிலேயே பணத்தைக் கட்டிடுங்க.