இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே அரசியல் கார்ட்டூன்கள்: கேள்வி பதில்

1919 முதல் 1939 வரை அமெரிக்க, பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வந்த கார்ட்டூன்களைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 1940-ல் போர் வரும் என்று 1919-லேயே ஒருவர் வரைந்துவிட்டார் என்கிறார்களே, நிஜமா சார்? பிற்காலத்தில் யாராவது கிளப்பிவிட்ட கதையா?

நிஜம்தான். வரைந்தவர் வில் டைசன், ஆஸ்திரேலியர். 1919 மே மாதம் லண்டன் டெய்லி ஹெரால்டில் வந்தது. முதல் உலகப் போர் முடிந்து பாரிஸில் நடந்த சமாதான மாநாட்டு மண்டபத்திலிருந்து அமெரிக்காவின் வில்சன், பிரிட்டனின் லாயிட் ஜார்ஜ், இத்தாலியின் ஒர்லாண்டோ, பிரான்சின் கிளெமென்சோ நால்வரும் வெளியே வருகிறார்கள். தூணுக்குப் பின்னால் ஒரு குழந்தை அம்மணமாக நின்று அழுகிறது. ‘ஏதோ குழந்தை அழுகிற மாதிரி இருக்கிறதே’ என்கிறார் கிளெமென்சோ. குழந்தைக்கு மேலே ‘1940 அணி’ என்று எழுதியிருக்கிறது. 1940-ல் பட்டாளத்துக்கு அழைக்கப்படும் வயதை எட்டப்போகிற பிள்ளைகள் என்று அர்த்தம்.

இதைச் சோதிடம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. டைசன் போர்க்கள ஓவியராக மேற்கு முனையில் இருந்து இரண்டு முறை காயப்பட்டவர். அந்த மாநாட்டில் உருவான வெர்சாய் உடன்படிக்கையால் இன்னொரு போர் வந்தால் சாகப்போவது யார் என்று அவர் வயதைக் கணக்குப் போட்டார். கையெழுத்து ஆவதற்கு முன்பே போட்டார் என்பதுதான் பெரிய விஷயம்.

கேள்வி: பாதியில் நிற்கும் பாலத்தின் பக்கத்தில் அங்கிள் சாம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் படத்துக்கு என்ன பொருள்?

லியோனர்ட் ராவன்-ஹில் வரைந்து, லண்டன் நகைச்சுவைப் பத்திரிகையான பஞ்சின் 1919 டிசம்பர் 10 இதழில் வந்தது. அங்கிள் சாம் என்றால் அமெரிக்காவின் உருவகம். பாலம்தான், போர்களைத் தடுக்க உருவான உலக நாடுகள் சங்கம். பெல்ஜியம், பிரான்ஸ் ஒரு பக்கம், இங்கிலாந்து, இத்தாலி மறுபக்கம். வளைவை இறுக்கிப் பிடிக்கவேண்டிய நடுக்கல் மட்டும் இல்லை. ‘அமெரிக்கா’ என்று எழுதிய அந்தக் கல்லின்மேல்தான் அங்கிள் சாம் சுருட்டோடு சாய்ந்திருக்கிறார். இந்தப் பாலத்தை வடிவமைத்தவர் அமெரிக்க ஜனாதிபதி என்று பக்கத்தில் ஒரு பலகை வேறு. மூன்று வாரம் முன்புதான், நவம்பர் 19 அன்று, சங்கத்தையும் உள்ளடக்கிய வெர்சாய் உடன்படிக்கையை அமெரிக்க செனட் நிராகரித்திருந்தது.

படம் அருமை. ஆனால் இது லண்டன் பார்வை என்பதை மறக்கக்கூடாது. சோம்பேறித்தனத்தால் அமெரிக்கா ஒதுங்கவில்லை. சங்கத்தில் சேர்ந்தால் அடுத்தவர் போருக்கெல்லாம் நம் பையன்களை அனுப்பவேண்டி வருமோ என்ற பயம் செனட்டர்கள் பலருக்கு இருந்தது. வில்சனும் திருத்தங்களுக்கு இறங்கி வரவில்லை. படத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

கேள்வி: அமெரிக்கர்கள் சொந்த ஊர் விவகாரங்களை வரையவில்லையா?

அதைத்தான் அதிகம் வரைந்தார்கள். மதுவிலக்கு அமலில் இருந்த 1920-33 காலத்தில், நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையின் ரோலின் கெர்பி மதுவிலக்கு ஆதரவாளரைக் கிண்டலடிக்க ‘மிஸ்டர் டிரை’ என்று ஒரு பாத்திரத்தை உருவாக்கினார். உயரத் தொப்பி, கறுப்பு அங்கி, குடை, சிடுசிடு முகம். 1922-ல், அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு முதன்முதலாகக் கார்ட்டூனுக்குக் கொடுக்கப்பட்டபோது அதுவும் அவருக்குத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜான் மெக்கட்சன் 1931-ல் சிகாகோ டிரிப்யூனில் வரைந்தது. வங்கி திவாலானதில் பணம் போன ஒரு மனிதர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ‘நல்ல காலத்தில் கொஞ்சம் சேமித்து வைத்திருக்கலாமே?’ என்று ஓர் அணில் கேட்கிறது. அவர் பதில்: ‘வைத்தேனே.’ பொருளாதாரம் சரிந்த அந்தப் பெருமந்தத்தில் வங்கியை நம்பியவர்களின் கதை முழுவதும் அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

கேள்வி: டேவிட் லோவைப் பார்த்து ஹிட்லரே பயந்தாரா?

பயம் என்று சொல்ல மாட்டேன், ஆத்திரம். நியூசிலாந்தில் பிறந்த லோ 1927 முதல் லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்டில் வரைந்தார். முதலாளி பீவர்புரூக்கின் அரசியல் வேறு. ஆனாலும் விரும்பியதை வரையும் சுதந்திரத்தை ஒப்பந்தத்திலேயே வாங்கியிருந்தார் லோ. ஹிட்லரை அரக்கனாக அவர் வரையவில்லை, அற்பனாக வரைந்தார். அரக்கனாகக் காட்டினால் சர்வாதிகாரிக்குப் பெருமைதான், கோமாளியாகக் காட்டினால்தான் சுடும் என்பது அவர் கணிப்பு.

அது பலித்தது. 1937 நவம்பரில் ஜெர்மனி போன பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபுவிடம், இந்தப் படங்களால் இரு நாட்டு உறவு கெடுகிறது என்று நாஜிகள் முறையிட்டார்கள். திரும்பி வந்த ஹாலிஃபாக்ஸ் கொஞ்சம் அடக்கி வாசிக்கும்படி லோவிடம் கேட்டுக்கொண்டார். லோ சில மாதம் ஹிட்லரை நேரடியாக வரையாமல், ஹிட்லரையும் முசோலினியையும் கலந்து ‘மஸ்லர்’ என்று ஒரு சர்வாதிகாரியை வரைந்தார். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதும் அந்த விரதமும் முடிந்தது. பிரிட்டனைப் பிடித்தால் கைது செய்யவேண்டியவர்கள் என்று நாஜிகள் வைத்திருந்த பட்டியலில் லோ பெயரும் இருந்தது.

அவருடைய உச்சம் 1939 செப்டம்பர் 20 படம். ஹிட்லரும் ஸ்டாலினும் கைகோத்துப் போலந்தைப் பங்குபோட்ட நேரம். போலந்தின் பிணத்துக்கு இரண்டு பக்கமும் நின்று ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைத் தூக்கிக் குனிந்து வணங்குகிறார்கள். ‘உலகத்தின் கழிசடை நீங்கள்தானே?’ என்கிறார் ஹிட்லர். ‘தொழிலாளிகளைக் கொன்ற கொலைகாரர் தாங்கள்தானே?’ என்கிறார் ஸ்டாலின். அடுத்த மாதம் வாஷிங்டனில் கிளிஃபோர்ட் பெர்ரிமேன் இதே கூட்டணியைக் கல்யாணமாக வரைந்தார், ஸ்டாலின்தான் மணப்பெண். இந்தத் தேனிலவு எத்தனை நாளைக்கோ என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் போலந்து இல்லை. லோவின் படத்தில் அந்த மரியாதை முழுவதும் ஒரு பிணத்துக்கு மேலே நடக்கிறது. அதனால் என் ஓட்டு லோவுக்கு.

கேள்வி: கார்ட்டூனிஸ்ட் யாராவது அரசுப் பதவிக்குப் போனதுண்டா?

உண்டு. அயோவாவின் ‘டிங்’ டார்லிங். ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை ஓயாமல் கிண்டலடித்தவர். அவரையே 1934-ல் வனவிலங்குத் துறைக்குத் தலைவராக்கினார் ரூஸ்வெல்ட். நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் வாங்கவேண்டிய முதல் வாத்து முத்திரையின் (டக் ஸ்டாம்ப்) படமும் டார்லிங் வரைந்ததே. அந்த முத்திரையை விற்ற பணம் பறவைகளின் சரணாலயங்களுக்குப் போனது.

கேள்வி: இவற்றையெல்லாம் எங்கே பார்க்கலாம்?

லோவுக்கு கென்ட் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கார்ட்டூன் காப்பகம், பெர்ரிமேனுக்கு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம், டார்லிங்குக்கு அயோவா பல்கலைக்கழக நூலகம். மூன்றையும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். படத்தைத் திறந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். அதற்கு முந்தின வாரம் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தால், மூலையில் கிடக்கிற காகிதத்தில் எழுதியிருப்பதுகூடப் புரியும்.