அடுத்த வீட்டு வினைக்கணக்கு

கேள்வி: ஃபெஞ்சல் புயலை அடுத்து 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தில், நாணமேட்டில் இருக்கும் என் தங்கையின் வீட்டில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அண்மையில் எங்கள் பகுதிக் கோயிலில் சொற்பொழிவு ஆற்றியவர், இயற்கைப் பேரிடரில் சிக்குகிறவர்கள் முற்பிறவியில் செய்ததை இப்பிறவியில் அனுபவிக்கிறார்கள் என்றும், தர்மம் தேய்ந்ததால்தான் கடலும் ஆறும் சீறுகின்றன என்றும் பேசி, ஊர் நன்மைக்காகச் சாந்தி ஹோமம் செய்ய நன்கொடையும் கேட்டார். 2004 சுனாமியில் தேவனாம்பட்டினத்தில் பேத்தியைப் பறிகொடுத்த எங்கள் அத்தை பாதியிலேயே எழுந்து போய்விட்டார். இந்து சமயம் இப்படித்தான் சொல்கிறதா? ஹோமத்துக்குப் பணம் கொடுக்கலாமா?

– வாசகர் ஒருவர், திருப்பாதிரிப்புலியூர்.

பதில்: உங்கள் அத்தை எழுந்து போனதில் தவறே இல்லை. அந்தப் பேச்சாளர் சொன்னவற்றில் ஒரு பகுதி நம் நூல்களில் இருக்கிறது. மறுபகுதி, அந்த நூல்களை எழுதியவர்களே செய்யாத காரியம். இரண்டையும் கலந்து பேசியதால்தான் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மறுக்கவும் வழியில்லை, ஏற்கவும் மனமில்லை.

இருப்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வினையும் மறுபிறவியும் இந்து சமயத்தின் பெரும்பாலான தத்துவங்களுக்குப் பொது. நம் உடலாலும் மனத்தாலும் வரும் துன்பத்தை ஆதியான்மிகம் என்றும், பிற உயிர்களால் வருவதை ஆதிபௌதிகம் என்றும், மழை, காற்று, இடி போன்றவற்றால் வருவதை ஆதிதைவிகம் என்றும் பகுப்பது பழைய வழக்கம். புயலும் வெள்ளமும் மூன்றாவதில் அடங்கும். மக்களின் தீயொழுக்கம் பெருகினால் உற்பாதங்கள், அதாவது கேடு காட்டும் இயற்கை விபரீதங்கள், தோன்றும் என்று ஆறாம் நூற்றாண்டின் சோதிட அறிஞர் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் எழுதி, அதற்குச் சாந்தியும் விதித்திருக்கிறார். ஆனால் அதே நூலின் நிலநடுக்கப் பகுதியைப் பார்த்தால், கடல்வாழ் பெருவிலங்குகளின் அசைவே காரணம் என்பது ஒரு சாரார் கருத்து, பூமியைத் தாங்கும் திசை யானைகள் களைப்பாறுவதே காரணம் என்பது இன்னொரு சாரார் கருத்து, காற்றோடு காற்று மோதி நிலத்தில் விழுவதால் என்பது வேறொரு கருத்து, கண்ணுக்குப் புலப்படாத வினைப்பயன் என்பது மற்றொரு கருத்து என்று அடுக்கி வைத்திருக்கிறார். வினை அங்கே பல விளக்கங்களில் ஒன்று. வராகமிகிரரே நான்கு வாய்ப்புகளை முன்வைத்த இடத்தில், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சாத்திரம் முழுவதும் இதுதான் என்று அடித்துப் பேசுவது படிக்காதவர் துணிச்சல்.

வினைக் கோட்பாடு எந்தக் கேள்விக்கு விடையாகச் சொல்லப்பட்டது என்பதும் முக்கியம். வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்தில் ஓர் ஆட்சேபம் எழுகிறது: ஒருவரை இன்பத்திலும் மற்றொருவரைத் துன்பத்திலும் வைத்து, கடைசியில் எல்லாவற்றையும் அழிக்கவும் செய்கிற கடவுள் பாரபட்சமும் இரக்கமின்மையும் உடையவர் ஆகமாட்டாரா? ஆகமாட்டார், உயிர்களின் வினையை நோக்கியே அவர் படைக்கிறார் என்பது சூத்திரம் (2-1-34) தரும் விடை. அதற்கு உரை எழுதிய சங்கரர் மழையை உவமை காட்டுகிறார். நெல்லுக்கும் யவத்துக்கும் (பார்லிக்கும்) மழை பொது. ஒன்று நெல்லாகவும் மற்றது யவமாகவும் விளைவதற்கு அந்தந்த விதையே காரணம் என்கிறார். கவனியுங்கள், இந்த வழக்கில் கூண்டில் நிற்பவர் கடவுள். அவரை விடுவிப்பதற்காகச் சொன்ன வாதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டுக்குள் முழங்கால் அளவுச் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த உங்கள் தங்கையைக் கூண்டில் ஏற்றுகிறார் உங்கள் பேச்சாளர். அடுத்த சூத்திரத்திலேயே வினைக்குத் தொடக்கம் கிடையாது என்றும் சொல்லப்படுகிறது. தொடக்கமே இல்லாத ஒன்றிலிருந்து, இன்ன பிறவியின் இன்ன குற்றம் இன்ன தெருவில் வெள்ளமாக வந்தது என்று உருவி எடுத்துக் காட்ட எந்த மனிதராலும் முடியாது.

சைவ சித்தாந்தம் உங்கள் கடலூர் மாவட்டத்தின் சொத்து. மெய்கண்டார் பிறந்தது பெண்ணாடத்தில். அருள்நந்தி சிவாசாரியார் திருத்துறையூர்க்காரர். உமாபதி சிவம் சிதம்பரத்தவர். சஞ்சிதம் (சேர்ந்து கிடப்பது), பிராரத்தம் (இப்பிறவியில் அனுபவிப்பது), ஆகாமியம் (இனிமேல் சேர்வது) என்று வினையை இவ்வளவு நுணுக்கமாகப் பகுத்தவர்கள் வேறெங்கும் அதிகம் இல்லை. வினை அறிவற்ற பொருள், அது தானாகப் போய் உரியவரைச் சேராது, இறைவனே அதைக் கூட்டுவிக்கிறான் என்பது அவர்கள் துணிபு. அப்படியானால் ஏடு இறைவனிடம் இருக்கிறது. அதை வாசித்துச் சொல்லும் சித்திரகுப்தன் உத்தியோகம் ஒலிபெருக்கி பிடித்தவருக்கு எப்போது கிடைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அவர் வந்து கரையேறியது உங்கள் ஊரில் என்பது மரபு. கரையேறவிட்ட குப்பம் இன்றும் அந்தப் பெயரில் இருக்கிறது. அந்த அப்பரின் முதற்பதிகம் திருவதிகையில், சூலைநோயில் துடித்தபோது பாடியது. “கூற்றாயின வாறு விலக்ககலீர், கொடுமைபல செய்தன நானறியேன்” என்று அது தொடங்குகிறது. என்னென்ன கொடுமை செய்தேனோ அறியேன் என்று சொல்கிறவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரள்கிற அவரேதான். அந்த நோய் அவரை ஆட்கொள்வதற்காக இறைவன் அனுப்பியது என்று பெரியபுராணம் கூறுவதை நான் மறைக்கவில்லை. ஆயினும் தம்பி வந்து காலில் விழுந்தபோது அப்பரின் அக்கா திலகவதியார் குற்றப்பட்டியல் வாசிக்கவில்லை. திருநீறு தந்து, கூடவே கோயிலுக்கு அழைத்துப் போனார். தனக்கு வந்ததைத் தன் வினை என்று ஒருவர் எண்ணி மனத்தைத் தேற்றிக்கொள்வது அவருடைய உரிமை. உங்கள் அத்தையும் இந்த இருபது ஆண்டுகளில் எத்தனையோ முறை ‘எல்லாம் என் தலையெழுத்து’ என்று சொல்லி அழுதிருப்பார். அதையே மேடை போட்டு மற்றொருவர் அவருக்குச் சொல்வது அநாகரிகம்.

இதற்கு நேரடியாகவே பொருந்தும் ஒரு பாட்டு தேவாரத்தில் உண்டு. கொங்கு நாட்டில் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் (இன்றைய திருச்செங்கோட்டில்) தங்கியிருந்தபோது சம்பந்தரின் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அப்போது அவர் பாடினார்: “அவ்வினைக் கிவ்வினை யாமென்று சொல்லு மஃதறிவீர், உய்வினை நாடா திருப்பதும் உந்தமக் கூனமன்றே.” அந்த வினைக்கு இந்த வினை என்று சொல்லப்படுவதை அறிந்திருக்கிறீர்களே, பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறை அல்லவா என்று அதட்டுகிறார். உங்கள் பேச்சாளர் முதல் அடியோடு நின்றுவிட்டார். அந்தப் பதிகத்தின் அடுத்த பாட்டு “காவினை யிட்டும் குளம்பல தொட்டும்” என்று தொடங்குகிறது. சோலை வைப்பதையும் குளம் வெட்டுவதையும் அது பேசுகிறது. குறிஞ்சிப்பாடி அருகே பெருமாள் ஏரி தூர்ந்து மேடாகிக் கொள்ளளவு இழந்த கதையை அறிந்தவர்களுக்கு இதற்குப் பதவுரை தேவையில்லை.

இனி, தர்மம் தேய்ந்ததால் கடல் சீறியது என்ற பேச்சுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியபோது நம் நேரம் காலை 6.28. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்தியப் பெருங்கடலுக்கென்று ஓர் எச்சரிக்கை மையம் அன்று கிடையாது. ஐதராபாத்தில் அது செயல்படத் தொடங்கியது 2007இல். ஆழ்கடலில் சுனாமி அலை உயரம் குறைவாக இருக்கும் என்பதால் படகில் போயிருந்த ஆண்கள் பலர் அதை உணரவே இல்லை. மீன் வரும் என்று கரையில் காத்திருந்த பெண்களும், விடுமுறை நாளில் மணலில் ஓடியாடிய பிள்ளைகளும் சிக்கினார்கள். கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் ஆண்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனம் அடுத்த ஆண்டு வெளியிட்ட குறிப்பு சொல்கிறது. நான் பேச்சாளரைக் கேட்கிறேன்: தேவனாம்பட்டினத்தில் ஒரே வீட்டில் கணவரின் வினை நல்லதாகவும், அவர் கொண்டுவரும் மீனுக்குக் கூடையோடு காத்திருந்த மனைவியின் வினை தீயதாகவும் இருந்ததா? ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே பெண்கள் கடலில் பால் ஊற்றிப் பூத் தூவுகிறார்கள். அதுவும் சமயம்தான். அதில் யாருக்கும் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை.

வினையை இழுத்து வருவதால் ஆதாயம் அடைகிறவர்கள் வேறு சிலரும் உண்டு. 2024இல் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கீழே இருக்கிற ஊர்களுக்கு உரிய எச்சரிக்கை போகவில்லை என்றன எதிர்க்கட்சிகள். படிப்படியாக எச்சரித்தோம் என்றது அரசு. யார் சொல்வது சரி என்பது பதிவேடுகளையும் மணிநேரங்களையும் வைத்து முடிவு செய்யக்கூடிய விஷயம். எல்லாம் ஊழ்வினை என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமே போய்விடுகிறது. வெள்ளம் வடிந்த வாரத்தில், பள்ளிச் சான்றிதழ்களையும் பட்டா நகலையும் துணிக்கொடியில் கவ்வி போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் கேட்டது, முந்தைய பிறவியில் நாங்கள் என்ன செய்தோம் என்பதை அல்ல. ராத்திரியே ஏன் யாரும் வந்து சொல்லவில்லை என்பதை.

பெரியவர்களும் இந்தப் பேச்சைப் பேசியிருக்கிறார்களே என்று யாராவது காந்தியைக் காட்டலாம். உண்மைதான். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகத்தில் இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, இது தீண்டாமை என்னும் நம் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்றார். தாகூர் பகிரங்கமாக மறுத்தார். இயற்கை நிகழ்வை அறநெறிக்குச் சான்றாக்கும் இந்த வாதம் காந்தியின் எதிரிகளுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும், அவருடைய இயக்கமே கடவுளின் கோபத்துக்குக் காரணம் என்று அவர்கள் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டார். காந்தி தாகூரின் மறுப்பையும் தம் பதிலையும் பிப்ரவரியில் ‘ஹரிஜன்’ இதழில் வெளியிட்டார். அதே மாதம் புதுச்சேரிக்கும் வந்து போனார். என் கருத்தில் இந்த விவாதத்தில் வென்றவர் தாகூர். பீகாரில் மண் பிளந்தபோது தீண்டாமை பாராட்டியவர் யார், அதனால் நொந்தவர் யார் என்று பார்த்துப் பிளக்கவில்லை. ஆனாலும் காந்தி ‘நம் பாவம்’ என்று தம்மையும் சேர்த்தே சொன்னார். கையோடு பீகாருக்கு நிதி திரட்டினார். அந்த அளவு நேர்மையாவது உங்கள் பேச்சாளரிடம் இருந்திருக்கலாம்.

ஹோமத்துக்கு வருகிறேன். நம்பிக்கை இருந்தால் கொடுங்கள், நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் தெய்விக ஆபத்துகள் என்று எட்டைச் சொல்லி, அவற்றுள் ஒன்றாக வெள்ளத்தை வைத்திருக்கும் பகுதியை அந்தக் குழுவினருக்குப் படித்துக் காட்டுங்கள். அமாவாசை, பௌர்ணமி போன்ற பருவ நாட்களில் ஆற்றுக்குப் பூசை செய்யச் சொல்கிறது அந்நூல். அதே மூச்சில், மழைக்காலத்தில் கரையோர ஊரார் மேட்டுக்குப் போய்விட வேண்டும், பலகையும் மூங்கிலும் படகும் தயாராக வைத்திருக்க வேண்டும், வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுகிறவரைச் சுரைக்குடுக்கையும் தோல்பையும் கட்டையும் கொண்டாவது மீட்க வேண்டும், படகு இருந்தும் காப்பாற்றப் போகாதவருக்குப் 12 பணம் (அக்கால நாணயம்) தண்டம் என்றும் விதிக்கிறது. எனவே நன்கொடை கொடுக்கும்போது ரசீது கேளுங்கள். வசூலில் எவ்வளவு பங்கு அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் நாணமேட்டுக்கும் உச்சிமேட்டுக்கும் படகாகவும் கயிறாகவும் போகும் என்றும் கேளுங்கள். அதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்று பதில் வந்தால், அந்த 12 பணத்தைப் பேச்சாளருக்கு நினைவூட்டுங்கள். மேற்கோள் காட்டுவதில் விருப்பமுள்ளவராகத் தெரிகிறார், அடுத்த சொற்பொழிவில் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.