சினிமா ஆளைக் கண்டுபிடிக்கும், குழுவைக் கண்டுபிடிக்காது

கேள்வி: ஒவ்வோர் இதழிலும் சுயாதீன இசைக்குழுக்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள். நீங்கள் எழுதிய குழுக்களைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். நாலு பாட்டு போட்டுவிட்டுக் காணாமல் போகிறார்கள். இல்லாவிட்டால் சினிமாவுக்குப் போய்விடுகிறார்கள். நிலைத்து நிற்காதவர்களைப் பின்தொடர்ந்து என்ன பயன்? உண்மையிலேயே நன்றாக இருந்தால் சினிமாவே அவர்களைக் கண்டுபிடித்து எங்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிடாதா?
— வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நம்மில் பலர் வெளியே சொல்லாமல் நம்பிக்கொண்டிருப்பது அதைத்தான். நல்ல இசை எங்கே இருந்தாலும் சினிமா தேடிப்போய் எடுத்துவரும், நாம் இருக்கிற இடத்தில் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. சினிமா ஆளைக் கண்டுபிடிக்கும். குழுவைக் கண்டுபிடிக்காது.

‘லா பொங்கல்’ என்று சென்னையில் ஒரு குழு இருந்தது. தர்புகா சிவா, சந்தோஷ் நாராயணன், அந்தோணி தாசன் எல்லாம் அதில் இருந்தவர்கள். நம் நாட்டுப்புற மெட்டுகளை எடுத்து, அதன் மண்ணைத் தட்டிவிடாமல், கிதாரோடும் டிரம்ஸோடும் வாசித்தார்கள். அப்புறம் 2012-இல் ‘அட்டகத்தி’ வழியாகச் சந்தோஷ் நாராயணனும், 2016-இல் ‘கிடாரி’ வழியாகத் தர்புகா சிவாவும் இசையமைப்பாளர்களாக நமக்கு அறிமுகமானார்கள். அந்தோணி தாசனின் குரல் ஊரெல்லாம் கேட்டது. மூவரும் வளர்ந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் ஒரே மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தார்களே, அந்த மேடையை எந்தப் படமும் நமக்குக் கொண்டுவந்து தரவில்லை. தரவும் முடியாது. ஷான் ரோல்டனும் அப்படித்தான். 2014-இல் ‘வாயை மூடி பேசவும்’ வருவதற்கு முன்பே நண்பர்களோடு ஒரு குழுவாகப் பாடிக்கொண்டிருந்தவர் அவர். படத்துக்கு வேண்டியது ஒரு குரல், ஒரு பேனா, ஒரு கை. அவற்றைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். நாலைந்து பேர் வருடக்கணக்கில் ஒரே அறையில் சண்டை போட்டு, சமாதானமாகி, பழகி உண்டாக்கிய ஒன்றை அப்படிப் பிரித்து எடுக்க முடியாது. பிரித்தவுடன் அது போய்விடுகிறது.

இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. நீங்கள் திருநெல்வேலிக்காரர். உங்கள் பக்கம் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுக்காரர்களைப் பேசி முடிக்கும்போது பெரியவர்கள் என்ன கேட்பார்கள்? ‘எந்த செட்?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். புலவர் யார் என்பதோடு விடமாட்டார்கள். குடம் யார், உடுக்கை யார் என்று வரிசையாகக் கேட்பார்கள். புலவர் கதையை நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில் குடக்காரர் என்ன செய்வார் என்று தெரிந்து, அதற்காகவே காத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கணியான் கூத்தில் மகுடம் என்ற தோற்கருவியை அடிப்பவர் மாறினால் கூத்தே மாறிவிட்டது என்பார்கள். ஒரு செட்டுக்காக ஊர் ஊராகக் கொடை பார்க்கப் போனவர்கள் உங்கள் குடும்பத்திலேயே இருக்கலாம். குழுவைப் பின்தொடர்வது என்பது இதுதான். இதை நாம் எந்த மேல்நாட்டிலிருந்தும் கற்றுக்கொள்ளவில்லை. கையில் கிதார் வந்ததும் நம் காது மட்டும் ஏன் பாடகரின் பெயரோடு நின்றுவிடுகிறது?

சினிமாவுக்கு வெளியே தமிழ்ப் பாட்டு நிற்காது என்பதும் பழக்கத்தில் வந்த எண்ணம்தான். எழுபதுகளில் இலங்கையில் ‘பொப் இசை’ என்ற பெயரில் ஓர் அலையே எழுந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ எந்தப் படத்தின் கையையும் பிடித்துக்கொண்டு வரவில்லை. சிலோன் மனோகர் என்று நாம் அழைத்த ஏ.இ. மனோகரனும் அந்த மேடைகளில் வளர்ந்தவர்தான். தென்மாவட்டங்களில் இலங்கை வானொலி எவ்வளவு தெளிவாக எடுத்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி அண்ட் நட்சத்திராவின் ‘வல்லவன்’ ஆல்பம் வந்தபோதும், தமிழில் ராப் வருமா என்று தயங்கியவர்களுக்கு அந்த ஆல்பமே பதிலாக இருந்தது. கேட்கும் காது நமக்கு எப்போதும் இருந்திருக்கிறது. கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்ததையும் தேடிப்போகும் பழக்கம்தான் அறுந்து அறுந்து போகிறது.

அந்தப் பழக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை, கிதார், டிரம்ஸ் என்று ஏறக்குறைய 20 பேர். சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் சொன்ன ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்தார்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றி, மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்களைப் பற்றி, எந்தக் கதாநாயகனுக்கும் சிச்சுவேஷன் அமைக்காமல் நேராகப் பாடினார்கள். அங்கே பாடிய இசைவாணியை 2020-இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அங்கே ராப் பாடிய அறிவு என்பவர், 2019-இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பத்தை வெளியிட்டார். 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. அதற்குப் பிறகுதான் கோடிக்கணக்கானவர்களுக்கு அறிவைத் தெரியும்.

அதே வருடம் ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைக் கொண்டாடி அட்டைப்படம் போட்டது. அதை எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடிய அறிவு அந்த அட்டையில் இல்லை. பா. இரஞ்சித் உட்படப் பலர் ஏன் என்று உரக்கக் கேட்டார்கள். கவனித்துப் பாருங்கள், ஒருவர் விடுபட்டிருக்கிறார் என்று உடனே சொல்லக்கூடியவர் யார்? முன்பிருந்தே அவரைக் கேட்டுவருகிறவர்தான். பாட்டு ஹிட் ஆன பிறகு வந்தவருக்கு, அட்டையில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் பாட்டுக்குச் சொந்தக்காரர்கள். ஒரு குழுவைத் தொடர்ந்து கேட்கிறவர் அந்தக் குழுவுக்குச் சாட்சி. தமிழில் சுயாதீன இசைக்கு ஆவணக் காப்பகம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார், முதலில் எந்த மேடையில் பாடினார்கள் என்பதெல்லாம் கேட்டவர்களின் தலையிலும் செல்போனிலும்தான் இருக்கின்றன.

சரி, ஏன் நாலு பாட்டோடு நின்றுவிடுகிறார்கள்? அதற்கும் பதில் இருக்கிறது, அது கணக்கு. ஒத்திகை அறைக்கு மணிக்கணக்கில் வாடகை. ஒலிப்பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங் மூன்றுக்கும் தனித்தனியாகப் பணம். நாலைந்து பேருக்கும் பகலில் வேறு வேலை. ஸ்ட்ரீமிங்கில் பணம் வராதா என்றால், ஸ்பாட்டிஃபை 2024 தொடக்கத்திலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. அதைத் தாண்டினாலும் மொத்தத் தொகையில் கேட்கப்பட்ட அளவுக்கு ஏற்பப் பங்கு போடுகிறார்கள். பெரிய படத்தின் பாட்டும் உங்கள் ஊர்க் குழுவின் பாட்டும் ஒரே பானையிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய வெற்றி வந்தாலும் பணம் வந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ‘எஞ்சாய் எஞ்சாமி’யிலிருந்து தனக்கோ தீக்கோ அறிவுக்கோ ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் அதைத் தயாரித்த சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். அந்த அளவுக்குப் போன பாட்டுக்கே இந்த நிலை என்றால், 3,000 பேர் கேட்ட பாட்டை எழுதியவர் நாலாவதோடு நிறுத்தியதை நிலைத்து நிற்காத குணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கேரளத்தைப் பாருங்கள். ‘அவியல்’ என்ற குழு 2003-இல் தொடங்கியது, ஆல்பம் வந்தது 2008-இல். இடையில் உள்ள ஐந்து வருடமும் அவர்களை மேடையில் கேட்டுத் தாங்கியவர்கள் இருந்தார்கள். 2013-இல் மாத்ருபூமி குழுமம் கப்பா டிவி தொடங்கி, ‘மியூசிக் மோஜோ’ என்று குழுக்களை முழுதாக நேரடியாக வாசிக்கவைத்துப் படம்பிடித்தது. பாடகரை மட்டும் காட்டாமல், ஒவ்வொரு கருவிக்கும் கேமரா போனது. ‘தைக்குடம் பிரிட்ஜ்’ குழு வீடு வீடாகத் தெரிந்தது அந்த வழியில்தான். நம் தொலைக்காட்சிகள் அதே காலத்தில் பாட்டுப் போட்டி நடத்தின. அதிலும் நல்ல குரல்கள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் குழந்தைகள் பாடியது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. இதில் எனக்குள்ள வருத்தம் பழையது, அதை இங்கே நீட்டவில்லை.

மேடை நிகழ்ச்சிக்கு வருகிறேன். ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அதனால் மூன்று குழுக்கள் வாசிக்கிற நிகழ்ச்சி என்றால் முதல் குழு ஆறரைக்கே தொடங்கியாக வேண்டும். நம் மக்கள் எட்டு மணிக்கு வருவார்கள். பெயர் தெரிந்த கடைசிக் குழுவுக்கு மட்டும். ஆறரை மணிக்கு வாசிக்கிற பிள்ளைகள் சவுண்ட் இன்ஜினீயருக்கும், காலி நாற்காலிகளுக்கும், கூட வந்த நண்பர்கள் நாலு பேருக்கும் வாசித்துவிட்டு இறங்குகிறார்கள். நான் பலமுறை அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறை இரண்டாவது பாட்டிலேயே கிதார் கம்பி அறுந்தது. மாற்றிக் கட்டும்வரை பாஸ் வாசித்த பெண்ணும் டிரம்ஸ்காரரும் கண்ணாலேயே பேசிக்கொண்டு ஆறேழு நிமிடம் தாங்கினார்கள். அந்த ஆறேழு நிமிடம் எந்தப் பதிவிலும் இல்லை. அன்றைக்கு அங்கே இருந்த பதினைந்து பேரிடம் இருக்கிறது. அடுத்த ஆறு மாதத்தில் அந்தக் குழு கலைந்துவிட்டது. எனக்கு அது வீணாகப் போன மாலை அல்ல.

மார்கழியில் சபாக்களில் இந்த மரியாதை இன்னும் இருக்கிறது. மதியக் கச்சேரிக்கு, டிக்கெட் இல்லாத நேரத்துக்கு, வளரும் பிள்ளைகளைக் கேட்கவென்றே வரும் ரசிகர்கள் உண்டு. நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, ராகம் எழுதி, மிருதங்கம் யார் என்று குறித்துக்கொள்வார்கள். பத்து வருடம் கழித்து அதே பிள்ளை மாலைக் கச்சேரிக்கு வரும்போது அந்த நோட்டு பேசும். அந்த ரசிகர் பாராட்டிக்கொண்டே இருப்பதில்லை, தாளம் நழுவினால் வெளியே வந்ததும் சொல்லிவிடுவார். சுயாதீனக் குழுக்களுக்கும் அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். நம் பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் கை தட்டுவது அவர்களுக்கு உதவாது. வரிகள் அரைகுறையாக இருந்தால் சொல்ல வேண்டும். போன முறை கேட்ட பாட்டு இந்த முறை எப்படி மாறியிருக்கிறது என்று சொல்ல, போன முறையும் போயிருக்க வேண்டும்.

திருநெல்வேலியில் எங்கே நடக்கிறது என்று கேட்பீர்கள். நியாயம்தான், பெரும்பாலானவை சென்னையில்தான் நடக்கின்றன. ஆனால் பல குழுக்கள் பிறப்பது கல்லூரி விழாக்களில். உங்கள் ஊரில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மேடைக்குப் போக முடியாதபோது, ஒரு குழுவின் பாட்டுகளை வந்த வரிசையில் கேளுங்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை. அது நாலே பாட்டாக இருந்தாலும், முதலாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் நாலு பேர் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறார்கள் என்று காதுக்குத் தெரியும். பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் வைத்திருந்தால் விலை கொடுத்து வாங்குங்கள். அங்கே டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், கட்டணச் செலவு போக மீதி குழுவுக்கே போகிறது.

உங்கள் கேள்வியால் எங்கள் பக்கத்தையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பல இடங்களில் பாடகர் பெயரை மட்டும் போட்டு, ‘மற்றும் குழுவினர்’ என்று முடித்திருக்கிறோம். அது தவறு. அடுத்த இதழிலிருந்து வாசித்த எல்லோருடைய பெயரும், எந்தக் கருவி என்பதும் வரும். பக்கத்தை நிறுத்தப் போவதில்லை. நீங்கள் கேட்ட அந்தக் குழுக்களில் ஒன்றை, கலைந்துபோனதாகவே இருக்கட்டும், திரும்பக் கேட்டு எழுதி அனுப்புங்கள். டிரம்ஸ் வாசித்தவர் பெயரையும் தேடிக் கண்டுபிடித்து எழுதுங்கள். அதே பக்கத்தில் போடுகிறோம்.