ஓங்கில் கணக்கெடுப்புக்குப் பள்ளிப் பிள்ளைகள்: கேள்வி பதில்

மண்டபம், இராமேசுவரம் பக்கத்தில் டால்பினை ஓங்கில் என்பார்கள். அவற்றைக் கணக்கெடுக்கக் கடலுக்குப் போகும்போது பள்ளிப் பிள்ளைகளையும் படகில் ஏற்றிக்கொள்கிறேன். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்த கணக்கை ஆராய்ச்சிக்காரர்கள் ஏற்பார்களா? சும்மா வேடிக்கை காட்டத்தானே? (அறிவியல் ஆசிரியை)

வேடிக்கைக்கு என்றால் ஏற்றவே மாட்டேன் டீச்சர். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவில் 1970-இல் தொடங்கிய ஓங்கில் ஆய்வு இன்றும் நடக்கிறது. உலகிலேயே நீண்ட காலமாக நடப்பது அதுதான். தொடக்கத்திலேயே உதவிக்கு வந்த ராண்டல் வெல்ஸ் அப்போது பள்ளி மாணவர். பிற்காலத்தில் அந்த ஆய்வை நடத்தியவரும் அவரே. நிக்லோ என்ற பெண் ஓங்கிலை அதன் 67 வயதிலும் அங்கே அடையாளம் கண்டு எழுதியிருக்கிறார்கள். விட்டுவிடாமல் பார்த்ததால் கிடைத்தது அது.

வயதைவிட முறைதான் முக்கியம். படகு ஒரே வேகத்தில் நேர்கோட்டில் போகும். ஒரு பிள்ளை இடப்பக்கம், ஒரு பிள்ளை வலப்பக்கம், ஒருவர் எழுத. கண் சோர்ந்துவிடும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். கூட்டத்தைக் கண்டால் மூன்று எண் எழுத வேண்டும்: குறைந்தது எத்தனை, கூடிப்போனால் எத்தனை, சரியாக இருக்கும் என்று படுவது எத்தனை.

மூணு மணி நேரம் சுத்தியும் ஒண்ணுமே வரலைன்னா என்னக்கா பண்றது? (மாணவர்)

அந்தத் தாளைத்தான் பத்திரமாக வைக்கணும் தம்பி. எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம், அலை எப்படி என்று எழுதியிருந்தால், "காணவில்லை" என்பதும் கணக்குதான். கண்ட நாளை மட்டும் வைத்தால் கடல் முழுக்க ஓங்கில் இருப்பதுபோலத் தெரியும். ஒருமுறை ஒரு எட்டாம் வகுப்புப் பெண் உப்புத்தண்ணீர் தெறித்த தாளில் பென்சிலால் வரிசையாக 0 போட்டுக்கொண்டே வந்தாள். (பேனா வேண்டாம், மை கரைந்துவிடும்.) கரை தெரியும் நேரத்தில் பின்னால் "புஸ்" என்று மூச்சு விடும் சத்தம். அவள் திரும்பிப் பார்த்தாள், ஆனால் கூச்சல் போடவில்லை. முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் மகளுக்குப் பஸ்ஸிலேயே வாந்தி வரும். அனுப்பலாமா? (ஒரு தாய்)

அனுப்புங்கள் அம்மா. வெறும் வயிற்றோடு மட்டும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். இஞ்சி மரப்பா கொடுத்தனுப்புங்கள். மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டுக் கிளம்புமுன்பே கொடுத்துவிடுங்கள். படகில் தாளையே பார்க்காமல் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்வோம். உயிர்காப்புச் சட்டை போடாத பிள்ளை படகில் கால் வைக்க முடியாது. அலைத்தலையில் வெள்ளை நுரை பரவினால் திரும்பிவிடுவோம். அந்த நுரையில் ஓங்கிலும் கண்ணுக்குப் படாது.

எந்த மாதம் நல்லது?

பிப்ரவரி, மார்ச். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பொங்கும்; வாடைக்காலத்தில் (வடகிழக்குக் காற்று) வடகடல், அதாவது பாக் விரிகுடா.

ஒரே ஓங்கிலைத் திரும்பத் திரும்ப எண்ணிவிட மாட்டார்களா?

நல்ல கேள்வி. முதுகுச் செட்டையின் பின்விளிம்பில் இருக்கும் வெட்டு, வடு எல்லாம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. பக்கவாட்டில் எடுத்த படங்களை வகுப்பறையில் பரப்பி வைத்துப் பிள்ளைகளே ஒப்பிடுவார்கள். இருவர் தனித்தனியே பார்த்து ஒரே முடிவு சொன்னால்தான் ஏற்போம். இந்த வேலையில் பிள்ளைகளின் கண் என் கண்ணைவிடக் கூர்மை.

படத்துக்காகக் கிட்டே போகலாமா?

கூடாது. குறுக்கே மறிப்பது, துரத்துவது, குட்டியையும் தாயையும் பிரிப்பது எதுவும் வேண்டாம். வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் இணையாகப் போனால் அதுவாக வரும், வராவிட்டால் விட்டுவிடுங்கள். 1972-இன் வனவிலங்குச் சட்டத்தில் ஓங்கில் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கூடுதல் பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலில், இருக்கிறது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கம் போக வனத்துறை அனுமதி கட்டாயம். பள்ளியின் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், பெற்றோர் ஒப்புதலையும் சேர்த்து.