3,000 ரூபாயில் கடல் தூண்டில்: எதில் செலவழிப்பது, எதில் மிச்சம் பிடிப்பது?

பரமக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் தேவிபட்டினம், மண்டபம் பக்கம் கரையில் நின்று தூண்டில் போட ஆசை. ராடு, ரீல், நரம்பு (தூண்டில் நூல்), பொய்மீன் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு செட் வாங்கினேன். மூன்றாவது வாரமே ரீல் கரகரக்கிறது, இழுத்து நீட்டிய ராடு இறுகிப்போய் உள்ளே போக மறுக்கிறது. 3,000 ரூபாய்க்குள் உப்புத்தண்ணீரைத் தாங்குகிற மாதிரி என்ன வாங்கலாம்?

பதில்: அந்த செட்டை உடனே தூக்கிப் போட வேண்டாம். இறுகிய ராடின் இணைப்பு மேல் வெந்நீர் ஊற்றுங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் துண்டு வைத்துப் பிடித்து, திருகியபடியே உள்ளே தள்ளினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். வளையங்களைப் பிடித்து மட்டும் திருகாதீர்கள், பிய்ந்து கையோடு வந்துவிடும். ரீலில் முதலில் பார்க்க வேண்டியது நரம்பு திரும்புகிற இடத்தில் இருக்கும் சின்ன உருளை. உப்பு முதலில் கட்டுவது அங்கேதான். ஒற்றைத் திருகைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். அதற்குப் பிறகும் கரகரத்தால் உப்புத்தண்ணீர் பல்சக்கரம் வரை போயிருக்கிறது. மூடியைக் கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, பழைய கிரீஸைத் துடைத்துப் புதியதைத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் கூடாது, நாளடைவில் பிசினாகிவிடும்.

ஆன்டெனா மாதிரி இழுத்து நீட்டும் ராடு கடற்கரைக்கு ஒத்துவராது. ஒவ்வொரு கணுவிலும் மணலும் உப்பும் புகுந்து இறுகும். புதிதாக வாங்கினால் 7 முதல் 8 அடியில், இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற ஃபைபர் கிளாஸ் ராடு போதும். கார்பனைவிடக் கனம்தான். ஆனால் பாறையில் இடித்தாலும் பைக்கில் கட்டிக்கொண்டு போனாலும் தாங்கும். கடையிலேயே ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது, நரம்பை அறுக்கும். வேறு ராடு கேளுங்கள்.

பணத்தில் பெரும்பங்கு ரீலுக்குப் போகட்டும். 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல் எடுங்கள். பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். மலிவு ரீலில் பேரிங் கூடக்கூட துருப்பிடிக்கும் இடமும் கூடும், அவ்வளவுதான். அதைவிட டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிப்பு, இழுபடும் விதத்தைப் பாருங்கள். பாதி இறுக்கி வைத்துக் கையால் நரம்பை இழுத்தால் சீராக வர வேண்டும். வெட்டி வெட்டி வந்தால், பாரை மீன் பாய்கிற அந்த முதல் இழுப்பிலேயே நரம்பு போய்விடும்.

நரம்பு 0.35 மி.மீ. மோனோ, அதாவது ஒற்றை இழை. பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) இப்போது வேண்டாம். விலையும் அதிகம், பாறையில் ஒட்டிய சிப்பியில் உரசினால் நொடியில் அறுந்தும்விடும். ரீலில் நரம்பு சுற்றும் ஸ்பூலின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை சுற்றுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் கொத்தாக அவிழ்ந்து சிக்கும், பாதியோடு விட்டால் தூரம் போகாது. பாக்கெட்டில் 8 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் டிராக்கை 2 முதல் 2.5 கிலோவுக்கு வையுங்கள். பெட்டி தூக்கிப் பார்க்கிற சின்னத் தராசில் நரம்பைக் கட்டி இழுத்தால் தெரிந்துவிடும்.

கடைக்குக் கடை விலை மாறும். கணக்கு இப்படி இருக்கட்டும்: ரீல் 1,300, ராடு 900, நரம்பு 300, தூண்டில் முள், ஈயம், ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு) எல்லாம் சேர்த்து 250. மிச்சம் 250-ல் ஒரு நோஸ் பிளையர் வாங்குங்கள். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறோம்.

முள்ளில் 1, 2, 4, 6 என்று வெறும் எண் ஏற ஏற அளவு சிறுக்கும். 1/0, 2/0 என்று போனால் பெருக்கும். கிழங்கான் மீனுக்கு 6-ஆம் நம்பர், தண்டு நீண்டது. விளமீன், நடுத்தரப் பாரைக்கு 1/0. இந்த இரண்டு அளவு போதும். பொய்மீன் டப்பாவில் காசைக் கொட்ட வேண்டாம். தொடக்கத்தில் மீன் கொடுப்பது இரைதான். சூடை மீன், இறால் இரண்டும் நல்ல இரை, ஆனால் முள்ளில் நிற்காது. குட்டி மீன்கள் கொத்தியே காலி செய்துவிடும். கணவாயை ஒரு செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளத்தில் கீற்றாக அரிந்து ஒரு முனையில் மட்டும் குத்துங்கள். வால் ஆடவும் வேண்டும், முள் முனை வெளியே தெரியவும் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது கணவாய் விலை ஏறலாம். முன்கூட்டியே கீற்றுப் போட்டு உப்புத் தூவி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்குக் காசு கரைவது ராடில் அல்ல, கல்லில் மாட்டி அறுந்துபோகும் முள்ளிலும் ஈயத்திலும்தான். அதனால் கட்டுகிற முறை முக்கியம். மெயின் நரம்பை ஸ்விவலின் ஒரு வளையத்தில் கட்டுங்கள். மறு வளையத்தில் 0.50 மி.மீ. நரம்பு 60 செ.மீ., அதன் நுனியில் முள். ஈயத்தை மெயின் நரம்பு கட்டிய அதே வளையத்திலிருந்து 0.25 மி.மீ. நரம்பில், 20 செ.மீ. தொங்கவிடுங்கள். ஈயம் கல்லிடுக்கில் சிக்கினால் அந்த மெல்லிய நரம்பு மட்டும் அறுந்து, முள்ளும் மீனும் உங்களுக்கு மிஞ்சும். இதில் ஒரு ஆபத்து உண்டு. 50 கிராம் ஈயத்தை இந்த மெல்லிய நரம்பில் கட்டிச் சுண்டி வீசினால் வீச்சிலேயே அறுந்து ஈயம் குண்டு மாதிரி பறக்கும். கல் கொட்டிய இடத்தில் 30 கிராமுக்கு மேல் வேண்டாம், மெதுவாக வீசுங்கள். மணலில் போடும்போது ஈயத்துக்கும் 0.50 நரம்பையே கட்டிவிடுங்கள். எந்த முடிச்சானாலும் எச்சில் தடவி இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உரசல் சூட்டில் நரம்பு பலம் இழக்கும்.

சிக்கிவிட்டால் ராடை வளைத்து மல்லுக்கட்டாதீர்கள். ராடை நரம்புக்கு நேராக நீட்டி, ஸ்பூலைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்துபோங்கள். நரம்பைக் கையில் சுற்றி இழுத்தால் விரலை அறுத்துவிடும். அறுந்த நரம்பைக் கரையில் விடாமல் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? இந்தக் கரைக்கு இரண்டு கடல் இருப்பது பெரிய வசதி: வடக்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடைக்காற்று அடிக்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரை வடகடல் கலங்கும், அடித்து வரும் கடல்புல் நரம்பில் சுற்றும். அப்போது தென்கடல் பக்கம் போங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். மண்டபத்தில் நிலம் அவ்வளவு குறுகல் என்பதால் ஒரு பக்கம் சரியில்லை என்றால் நடந்தே மறுபக்கம் போய்விடலாம். தேவிபட்டினம் பக்கம் கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கும். தூர வீச வேண்டும், அதற்குத்தான் ராடு. காலடியிலேயே ஆழம் உள்ள மேடையில் ராடே தேவையில்லை. 0.70 மி.மீ. நரம்பு 50 மீட்டரை ஒரு பாட்டிலில் சுற்றிய கைத்தூண்டில் போதும். கரைவலை இழுக்கிற இடத்தில் தூண்டில் போடாதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது, படகுக்காரர் கூப்பிட்டாலும் போக வேண்டாம். பாம்பன் பாலத்துக்குக் கீழே நீரோட்டம் இழுக்கும், இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசும் வேலை அங்கே ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை நன்றாக இறுக்கி, ரீல் மேல் பூவாளி மாதிரி மெதுவாக நல்ல தண்ணீர் விடுங்கள். இறுக்கினால்தான் உள்ளே இருக்கும் வாஷருக்குத் தண்ணீர் போகாது. வாளியில் முக்கக் கூடாது, உப்புத்தண்ணீரை நாமே உள்ளே அனுப்பியதாகிவிடும். துடைத்து நிழலில் காயவைத்தபின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் வாஷர் நசுங்கி மறுமுறை வெட்டி வெட்டி இழுக்கும். ராடைக் கழற்றி வளையங்களையும் கழுவுங்கள். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

பிளையருக்கு வருவோம். கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத்திலும், ஒரா மீனின் முதுகிலும் அடியிலும் விஷமுள் உண்டு. மீனைக் கையால் பிடித்துத் தூண்டில் முள்ளைக் கழற்றாதீர்கள், பிளையரால் கழற்றுங்கள். குத்திவிட்டால், பொறுக்கிற சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள். அந்த விஷம் சூட்டில் சிதையும், கடுப்பு குறையும். வெந்நீர் பொசுக்காமல் இருக்க, குத்தாத கையை விட்டுச் சூடு பார்த்துக்கொள்ளுங்கள். திருக்கை குத்தினாலோ, மீனின் முள் உள்ளே முறிந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உருண்டு ஊதிக்கொள்ளும் பேத்தை சிக்கினால் பிளையரால் முள்ளைக் கழற்றிக் கடலிலேயே விடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது.