ஈஸ்டர் ஞாயிறின் களம் எங்கே?

வணக்கம் ஐயா. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்ட நாள். அன்று இறந்த படையினருக்கு மாணவர்களோடு போய் அஞ்சலி செலுத்த நினைக்கிறோம். ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்கும். எங்கே போகலாம்?
– ஓர் ஆசிரியை, வெள்ளவத்தை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அன்றைய களம் வானமும் கடலும். கால் வைத்து நடக்கத் தரை குறைவு. அதனால் முதலில் நாலைந்து பெயர்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நாடு, திகதி கொடுத்துத் தேடலாம். 5ஆம் திகதியோடு நிறுத்தாதீர்கள். காயப்பட்டவர்கள் பிறகும் இறந்திருப்பார்கள், ஒரு வாரம் கூட்டிப் பாருங்கள். கல்லறைக்குரிய பகுதி, வரிசை, இலக்கம் மூன்றையும் குறித்துக்கொள்ளாமல் போனால் வெயிலில் அலைச்சல்தான். பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று: அதே நாளில் இலங்கைக்குத் தென்மேற்கே மூழ்கிய கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்களில் 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நாடு ‘இலங்கை’ என்று போட்டால் அவர்கள் வரமாட்டார்கள். கடலே கல்லறை ஆனவர்களின் பெயர்கள் இங்கிலாந்தின் கடற்படை நினைவுத்தூண்களில் இருக்கின்றன. நாட்டை விட்டுவிட்டுக் கப்பல் பெயரைக் கொடுங்கள்.

காலை 7 மணிக்கு ரேஸ்கோர்ஸில் தொடங்கலாம். இன்று கடைகளும் விளையாட்டுத் திடலும். அன்று ஹரிகேன் என்ற பிரித்தானியப் போர்விமானங்கள் கிளம்பிய ஓடுதளம். அப்படியொன்று இருப்பதே ஜப்பானியருக்குத் தெரியாது. அடுத்து போர்க் கல்லறைகள் இருக்கும் லிவெரமென்டு மயானம். ஓட்டோக்காரரிடம் ‘ஜாவத்தை மயானம்’ என்றால்தான் புரியும். காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

கல்லெழுத்து சாய்ந்த காலை வெளிச்சத்தில்தான் தெளியும், உச்சிவெயிலில் மறைந்துவிடும். அதற்காகச் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்கவேண்டாம், கல்லை அரிக்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். நம்மவர்கள் செய்யும் பிழை, விளக்கைக் கல்லின் மேலேயே ஏற்றுவது. எண்ணெய் உள்ளே இறங்கினால் கறை போகாது. தகரத் தட்டொன்றில் வைத்துத் தரையில் ஏற்றுங்கள்.

கடைசியாக விகாரமகாதேவி பூங்காவின் நினைவுத்தூண். 1942க்காகக் கட்டியது என்று மாணவர்கள் நினைப்பார்கள். முதலாம் உலகப்போருக்கு எழுப்பியது அது. லண்டனின் போர் நினைவுத்தூணை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லட்யன்ஸே இதற்கும் வடிவமைப்பாளர். முதலில் காலிமுகத்திடலில் நின்றது. எதிரிக் கப்பல்கள் குறிபார்க்க உதவிவிடும் என்ற பயத்தில் இரண்டாம் போரின்போது கழற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். பின்சுவரில் பெயர்கள் உண்டு, வாசிக்க நேரம் விடுங்கள்.

ஏப்ரலில் போவதானால் பிற்பகல் இடிமழைக்கு முன் முடித்துக்கொள்வது நல்லது.